ஃபால்ட்டுக்கு 'வழு' போதுமா?

வணக்கம் ஐயா,

மின்கம்பிகளில் வரும் ஃபால்ட்டுக்கு (fault) நீங்கள் சொன்ன 'பழுது' எனக்கு ஒட்டவில்லை. பழுது என்றால் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்றுதான் காதில் விழுகிறது: மீட்டர் பழுது, டிரான்ஸ்பார்மர் பழுது. மழைக்காற்றில் தென்னை மட்டை ஒன்று 11 கிலோவோல்ட் கம்பிகள் இரண்டின்மேல் விழுகிறது என்று வையுங்கள். மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்சான பிரேக்கர் விழும். மட்டை கருகிக் கீழே போனதும் பிரேக்கரை மறுபடி போட்டால் லைன் பழையபடி நிற்கும். இதில் என்ன கெட்டது? மின்சாரம் போகக்கூடாத வழியில் போயிற்று, அவ்வளவுதான்.

'மின்கசிவு' வேண்டவே வேண்டாம். கசிவு மில்லிஆம்பியர் சங்கதி. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். பத்திரிகைகள் இரண்டையும் ஒன்றாக்கி 'மின்கசிவால் தீ' என்று எழுதுகின்றன. இங்கே யாங்கோனில் பர்மியர்கள் 'வாயா ஷோ' என்பார்கள், வயர் ஷார்ட்தான். நாம் தமிழ் பேசும்போதும் அதுவே வாயில் வருகிறது. இரவல் சொல்தான், ஆனால் குழப்பமில்லை.

என் ஓட்டு 'வழு'வுக்கு. கணினிக்காரர்கள் அதை மென்பொருள் பிழையான பக்குக்கு (bug) வைத்துக்கொண்டார்களே என்கிறீர்கள். வைத்துக்கொள்ளட்டும், 'வழு மின்னோட்டம்' என்றால் யாருக்கும் மென்பொருள் நினைவு வராது. சேர்த்துச் சொல்லவும் வாகானது: ஒரு கம்பி மண்ணைத் தொட்டால் நிலவழு, இரண்டு உரசினால் இடைவழு, மூன்றும் ஒருசேர மாட்டினால் சமச்சீர் வழு. மேல்நிலைக் கம்பிகளில் பெரும்பாலும் வருவது நிலவழுதான். நிலவழு, இடைவழு போன்ற சமச்சீரற்றவற்றைக் கணக்கிட மின்பொறியாளர் ஃபோர்ட்டெஸ்க்யூ 1918இல் சொன்ன முறைக்கும் சொற்கள் வேண்டும். அது தனிக் கடிதம்.

நான் திணறுவது வேறோர் இடத்தில். அறுந்த கம்பி காய்ந்த தார்ச்சாலையில் கிடந்தால் மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். பிரேக்கரை விழவைப்பது ரிலே. நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு வைத்த ரிலே அதை யாரோ போட்ட மோட்டார் என்று எண்ணி விட்டுவிடும். வழுவமைதி! எங்கள் தெருவில் ஒரு கோடையில் இப்படித்தான் கிடந்தது. பொறியும் இல்லை, சத்தமும் இல்லை. செத்த கம்பி என்று ஒருவர் காலால் ஒதுக்கப் போக, சட்டையைப் பிடித்து இழுத்தோம்.

இதற்கு 'உயர் மின்னெதிர்ப்பு வழு' (high impedance fault) என்பது சரியான சொல்தான். கம்பத்தில் ஏறுகிறவர் வாயில் நுழையாது. 'பதுங்கு வழு' என்று வைக்கலாமா? வீட்டில் அக்காவிடம் கேட்டேன், 'மறைவழு' இன்னும் அழகு என்றார். அழகுதான். ஆனால் பட்டறைக்காரனுக்கு மறை என்றால் திருகாணி மறைதான். கழன்றதை முறுக்க ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான்.