அட்லாண்டிக் சிட்டியில் ரெண்டு நாள்: பெரியவங்களைக் கூட்டிக்கிட்டுப் போகலாமா?

சிப்புட்_வாசி

எல்லாருக்கும் வணக்கம். மலேசியா சுங்கை சிப்புட்லேருந்து நாங்க நாலு பேரு அக்டோபர் கடைசியில அமெரிக்கா போறோம். விசா வந்தாச்சு. தம்பி நியூஜெர்சி எடிசன்ல இருக்கான். அங்கேருந்து வெள்ளி சாயங்காலம் கிளம்பி ஞாயிறு வரைக்கும் கேசினோ ஊரான அட்லாண்டிக் சிட்டில தங்கணும்னு மாமாவுக்கு ஆசை. கெந்திங் (நம்ம மலேசியா கேசினோ மலை) பஸ்ஸை விடாத ஆளு அவரு. அத்தைக்கு முட்டி வலி, அதிகம் நடக்க மாட்டாங்க, சுத்த சைவம் வேற.

நெட்ல தேடினா பாதிப் பேரு "செத்த ஊரு, போகாதே"ங்கறான், பாதிப் பேரு "சூப்பர்"ங்கறான். எதை நம்பறது? ரூம் எந்தப் பக்கம் எடுக்கணும்? ஆடாதவங்களுக்கு அங்க என்ன இருக்கு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாலாக்_நோர்த்

தம்பி, ரெண்டு பேரு சொல்றதும் நிஜம்தான். கடலைப் பார்த்து நின்னா ஒரு ஊரு, முதுகைக் காட்டி நின்னா வேற ஊரு. போர்ட்வாக் (கடலை ஒட்டின பலகை நடைபாதை) ஓரமா கேசினோ கட்டடங்க வரிசையா மின்னும். அங்கேருந்து பசிபிக் அவென்யூ தாண்டி அட்லாண்டிக் அவென்யூ வரைக்கும் உள்ள நடந்தா அடகுக்கடை, பலகை அடிச்ச கடை, புல் மண்டின காலி மனை.

காரணம் தெரிஞ்சா எதிர்பார்ப்பு சரியா இருக்கும். 1976-ல வாக்கெடுப்பு வெச்சு சூதாட்டத்தைச் சட்டமாக்கினாங்க, 1978 மே மாசம் ரிசார்ட்ஸ் திறந்துச்சு. நெவாடாவை விட்டா அமெரிக்காவுல சட்டப்படி நடந்த முதல் கேசினோ அதுதான். கிழக்குக் கரை ஜனங்களுக்கு வேற போக்கிடம் இல்ல, பஸ் பஸ்ஸா வந்து குவிஞ்சாங்க. 2006-ல வருமானம் சுமார் 520 கோடி டாலர், அதுதான் உச்சம். அதே வருஷக் கடைசியில பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவும் திறக்க ஆரம்பிச்சிடுச்சு. வீட்டுப் பக்கத்துலயே காசு போட்டு ஆடற ஜெக்பாட் மிஷின் இருக்கறப்ப பிலடெல்பியாக்காரன் எதுக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டப் போறான்? 2011 அக்டோபர்ல நியூயார்க் குவீன்ஸ்லயும் ஒண்ணு வந்துச்சு, ரிசார்ட்ஸ் வேர்ல்ட். நடத்துறது நம்ம கெந்திங்தான். மாமா கிட்ட சொல்லுங்க, அந்த ஊரைச் சாய்ச்சதுல அவரு பஸ் காசுக்கும் பங்கு உண்டு.

2014-ல மட்டும் நாலு கேசினோ மூடினாங்க: அட்லாண்டிக் கிளப், ஷோபோட், ரெவல், டிரம்ப் பிளாசா. சுமார் 8,000 பேருக்கு வேலை போச்சு, ஊரு ஜனத்தொகையே நாப்பதாயிரத்துக்குக் கீழ. ரப்பர் படுத்ததும் தோட்டத்தைத் துண்டு போட்டு வித்தப்ப நம்ம கம்பம் (கிராமம்) எப்படிக் காலியாச்சோ, அதே மாதிரி. 2016-ல டிரம்ப் தாஜ்மகாலும் மூடிடுச்சு, மாநில அரசே நகராட்சி நிர்வாகத்தைக் கையில எடுத்துக்கிச்சு. பிளாசாவை 2021 பிப்ரவரியில வெடி வெச்சுத் தகர்த்தாங்க. சீசர்ஸ் கேசினோ பக்கத்துல இருக்கற காலி இடம் அதுதான். ஊரே இடிஞ்சு கிடக்குன்னு போட்டோ போடறவன் முக்காவாசிப் பேரு அங்க நின்னுதான் எடுக்கறான்.

அதுக்காகச் செத்த ஊருன்னு சொல்ல முடியாது. 2018 ஜூன் 27-ல ஒரே நாள்ல ரெண்டு கட்டடம் உயிர் பெத்துச்சு. தாஜ்மகால் ஹார்ட் ராக் ஆச்சு, ரெவல் ஓஷன் ஆச்சு. இப்ப மொத்தம் ஒம்பது கேசினோ ஓடுது.

ரெவல் கதை தனி. 240 கோடி டாலர் கொட்டிக் கட்டி 2012-ல திறந்தாங்க. பஃபே கிடையாது, சிகரெட் கூடாது, பஸ்ல வர்ற கிழவன் கிழவியும் வேண்டாம்னு பணக்காரனுக்காகக் காத்திருந்தாங்க. பணக்காரன் வரல. ரெண்டரை வருஷத்துல மூடி, 2015-ல 8.2 கோடிக்கு வித்தாங்க. இன்னிக்கும் ஓஷன்ல ஆடற தளத்துக்குப் போக நீளமான எஸ்கலேட்டர் ஏறியாகணும். அத்தை முட்டிக்கு நேரா லிஃப்ட் எங்க இருக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க.

ரூம் விஷயம். ஆறு கேசினோ போர்ட்வாக்ல இருக்கு. வடக்குலேருந்து ஓஷன், ஹார்ட் ராக், ரிசார்ட்ஸ், பேலிஸ், சீசர்ஸ், கடைசியா டிராப்பிகானா. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஏறத்தாழ 2 மைல். மீதி மூணும், போர்கட்டா, ஹாராஸ், கோல்டன் நகெட், மரினா (படகுத்துறை) பக்கம். அங்கேருந்து கடற்கரைக்கு நடக்க முடியாது. போர்கட்டா நல்ல ஹோட்டல்தான், ஆனா அதுல தங்கினா ரெண்டு நாளும் கட்டடத்துக்குள்ளயே கழியும். உங்க குடும்பத்துக்கு ஹார்ட் ராக் இல்ல ரிசார்ட்ஸ்ல போடுங்க. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, எதிர்லயே ஸ்டீல் பியர், வாசல் தாண்டினா கடல்.

விலையைப் பார்த்து ஏமாறாதீங்க. விளம்பரத்துல வர்றது முழுத் தொகை இல்ல. அதுமேல வரி, கார் பார்க்கிங் எல்லாம் தனித்தனி. கடைசிப் பக்கம் வரைக்கும் கிளிக் பண்ணி மொத்தத் தொகையைப் பார்த்துட்டு ஒப்பிடுங்க. அதே ரூம் செவ்வாய், புதன்ல பாதிக்கும் கீழ கிடைக்கும். நாள் மாத்த முடிஞ்சா மாத்துங்க. சனி ராத்திரிதான் கூட்டம், சனி ராத்திரிதான் கொள்ளை விலை.

லிந்தாங்_அக்கா

சாலாக் அண்ணன் கட்டடத்தைச் சொல்லிட்டாரு, நான் சாப்பாட்டையும் முட்டியையும் பார்த்துக்கறேன்.

எடிசன்லேருந்துதானே கிளம்பறீங்க? ஓக் ட்ரீ ரோட்ல இந்தியக் கடைங்க வரிசையா இருக்கு. இட்லி, தயிர் சாதம், ஊறுகாய், எலுமிச்சைச் சாதம் எல்லாம் அங்கயே தாப்பாவ் (பார்சல்) பண்ணிடுங்க. கேசினோ உள்ள சைவம்னா பீட்சா, பாஸ்தா, சாலட், பொரிச்ச உருளைக்கிழங்கு, அவ்ளோதான். அட்லாண்டிக் சிட்டியில வங்காளதேசத்து ஜனங்க நிறைய, கேசினோவுலயே வேலை பார்க்கறாங்க. அட்லாண்டிக் அவென்யூ பக்கம் அவங்க மளிகைக் கடையில அரிசி, பருப்பு, பச்சை மிளகாய் வரைக்கும் கிடைக்கும். பகல்ல போயிட்டு வந்துடுங்க.

ரூம்ல இருக்கற சின்ன ஐஸ்பெட்டியில சாப்பாட்டை வெக்கறதுக்கு முன்னாடி கவனிங்க. நிறைய ஹோட்டல்ல அது காசுக்கு விக்கற குளிர்பானம் வெச்ச மினிபார், உள்ள சென்சார் இருக்கும். குளிர்பானத்தை எடுத்துட்டு தயிர் டப்பாவை வெச்சா, குடிச்சதா கணக்குப் போட்டு பில்லுல ஏத்திடும். வரவேற்புல கேட்டா வேற ஐஸ்பெட்டி தருவாங்களான்னு சொல்லுவாங்க, சில இடத்துல காசு. வெந்நீருக்கு ஊர்லேருந்து கெட்டில் தூக்கிட்டுப் போகாதீங்க. நம்ம கெட்டில் 240 வோல்ட், அங்க 120. பிளக்கு மாத்தி சொருகினாலும் கால்வாசிச் சூடுதான் வரும், மைலோ கலக்கறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடும். எடிசன்லயே ஒரு 120 வோல்ட் கெட்டில் வாங்கிக்கோங்க.

நடக்கறதுக்குப் பதிலா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஜிட்னி. பசிபிக் அவென்யூல ஓடற 13 சீட்டு மினி பஸ், 1915-லேருந்து அந்த ஊருல ஓடுது. மரினா பக்கமும் போகும். சின்ன நோட்டா கையில வெச்சுக்கோங்க. இன்னொண்ணு போர்ட்வாக் மேல தள்ளிட்டுப் போற சக்கர நாற்காலி வண்டி. கூரை போட்டு, மெத்தை போட்டு, பின்னாலேருந்து ஒருத்தர் தள்ளுவாரு. ஏறறதுக்கு முன்னாடியே எங்கேருந்து எங்க, எத்தனை பேரு, எவ்வளவுன்னு பேசிடணும், டிப்ஸ் தனி. போர்ட்வாக் பலகை மீன்முள் மாதிரி சாய்ச்சு அடிச்சிருப்பாங்க, இடுக்குல மெல்லிசான குதிகால் மாட்டும். அத்தைக்குக் குதிகால் செருப்பு வேண்டாம், கான்வாஸ் ஷூ போடுங்க.

பார்க்கறதுக்கு: மார்கேட்ல லூசின்னு மரத்துல தகரம் அடிச்ச ஆறு மாடி உயர யானைக் கட்டடம், 1881-ல கட்டினது. கார்ல பத்துப் பதினஞ்சு நிமிஷம். உள்ள போகணும்னா காலுக்குள்ள இருக்கற சுத்துப் படி ஏறணும், அதனால அத்தை வெளியிலயே நின்னு ஒரு கும்பிடு போட்டா போதும். அப்சீகன் கலங்கரை விளக்கம் 228 படி, லிஃப்ட் கிடையாது, விடுங்க. ஸ்டீல் பியர் ராட்டினம் 227 அடி, மூடின கண்ணாடிக் கூண்டு, உள்ள காத்து அடிக்காது, பெரியவங்களுக்கு ஏத்தது. காத்து பலமா இருந்தா நிறுத்திடுவாங்க. மத்த ராட்டினமெல்லாம் அக்டோபர் கடைசியில மூடியிருக்கும், போர்ட்வாக் கடைங்கள்ல பாதி ஷட்டர் இறக்கியிருக்கும். அதைப் பார்த்துட்டு ஊரே படுத்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க, பாதிக்குக் காரணம் சீசன் இல்லாததுதான். கடல் காத்துக்கு ஸ்வெட்டர் பத்தாது, காத்துப் புகாத ஜாக்கெட் வேணும்.

கடற்கரைக்கு டிக்கெட் இல்ல. பக்கத்து ஊருங்கள்ல கோடையில காசு கொடுத்து பேட்ஜ் (அனுமதி அட்டை) வாங்கணும், இங்க எப்பவுமே இலவசம்.

ஹீவுட்_தம்பி

எனக்கு வேற கருத்து. ஆடப் போறது ஒரே ஆளு, மீதி மூணு பேரு சும்மா உட்கார்ந்திருக்கணும். ஒரு ராத்திரி போதும். சனிக்கிழமை மதியம் போங்க, ஞாயிறு காலையில அரை மணி நேரம் தெற்கே ஓஷன் சிட்டிக்குப் போயிடுங்க. பேரு கிட்டத்தட்ட ஒண்ணு, ஊரு நேர் எதிர். 1879-ல மெத்தடிஸ்ட் பாதிரிங்க உண்டாக்கினது, இன்னிக்கும் சாராயக் கடை கிடையாது. போர்ட்வாக் சுத்தமா இருக்கும். அத்தைக்கு அதுதான் பிடிக்கும்.

கார் இல்லாம போகறதுன்னா: நேரடி ரயில் பிலடெல்பியாவுலேருந்துதான், ஒன்றரை மணி நேரம். நியூயார்க்லேருந்து 2009-ல ஒரு கேசினோ ரயில் விட்டுப் பார்த்தாங்க, சில வருஷத்துல நிறுத்திட்டாங்க. இப்ப அங்கேருந்து 319-ஆம் நம்பர் பஸ்தான். எடிசன்லேருந்து உங்களுக்கு ரெண்டுமே சுத்து, தம்பி காரே நல்லது. கார்டன் ஸ்டேட் பார்க்வேல தெற்கே வந்து 38-ஆம் எக்சிட், அட்லாண்டிக் சிட்டி எக்ஸ்பிரஸ்வே, நேரா ஊருக்குள்ள. ஒண்ணு மட்டும்: காசு மிச்சம் பிடிக்கறேன்னு தெருவுல நிறுத்தாதீங்க. பின்பக்கக் கழிமுகத்தை ஒட்டின தெருவெல்லாம் தாழ்வு. பௌர்ணமி, அமாவாசை ஏத்தத்துல மழையே இல்லாம சாக்கடை வழியா உப்புத் தண்ணி மேல வரும். டயர் பாதி முங்கினா பிரேக் துருப் பிடிக்கும். மாடிப் பார்க்கிங்ல போடுங்க.

சிப்புட்_வாசி

ரொம்ப நன்றிண்ணே, அக்கா. ஹார்ட் ராக் பார்க்கறோம், ஞாயிறு ஓஷன் சிட்டி. மாமா கேக்கறாரு: ஜெக்பாட் அடிச்சா வரி பிடிப்பாங்களாமே? கெந்திங்ல அப்படி இல்லையே? அப்புறம் ரூம் டெபாசிட்டுக்கு டெபிட் கார்டு போதுமா?

சாலாக்_நோர்த்

மாமா கேட்டது சரியான கேள்வி. ஜெக்பாட் மிஷின்ல பெரிய தொகை விழுந்தா மிஷின் பூட்டிக்கும், ஆள் வந்து வரிப் படிவம் எழுதுவாங்க. அந்த வரம்பு பல வருஷமா 1,200 டாலர், 2026-லேருந்து 2,000. வெளிநாட்டுக்காரனுக்கு அங்கயே 30% பிடிச்சுட்டுத்தான் கையில கொடுப்பாங்க. சில நாட்டுக்கு வரி ஒப்பந்தம் இருக்கறதால விலக்கு உண்டு. மலேசியாவுக்கு அமெரிக்காவோட அப்படி ஒப்பந்தம் இல்ல, நமக்கு முழு 30%. தோத்ததைக் கழிச்சுக் காட்டித் திருப்பி வாங்கவும் வழியில்ல. ஆனா பிளாக்ஜேக், பேக்கராட், கிராப்ஸ், ரூலெட் மேஜையில ஜெயிச்ச காசுக்கு வெளிநாட்டவருக்கு வரி கிடையாது. பாஸ்போர்ட் கையில இருக்கணும், ஐசி (நம்ம அடையாள அட்டை) செல்லாது. வயசு 21.

ரூலெட் ஆடினா பந்து சுத்தற சக்கரத்தைப் பாருங்க. ரெண்டு சைபர் இருந்தா கேசினோக்காரன் பங்கு 5.26%. அட்லாண்டிக் சிட்டியில ஒரு சலுகை உண்டு: சிவப்பு-கருப்பு, ஒற்றை-இரட்டை மாதிரி சரிக்குச் சரி பந்தயத்துல சைபர் விழுந்தா பாதிக் காசு திரும்பி வரும், பங்கு 2.63% ஆகும். மூணு சைபர் இருக்கற மேஜையில 7.69%, அதுல உட்காரவே வேண்டாம். பிளாக்ஜேக் மேஜைத் துணியில "3க்கு 2" இருக்கா "6க்கு 5" இருக்கான்னு படிங்க. பத்து டாலர் வெச்சு பிளாக்ஜேக் (முதல் ரெண்டு சீட்டுலயே 21) விழுந்தா முதல்ல 15, ரெண்டாவதுல 12 தான். பார்க்க சின்ன வித்தியாசம், கேசினோக்காரனுக்குக் கூடுதலா 1.4%. சனி ராத்திரி மலிவு மேஜையெல்லாம் பெரும்பாலும் 6க்கு 5. மாமாவை வெள்ளி ராத்திரி இல்ல சனி காலையில ஆட விடுங்க.

ஜெக்பாட் மிஷின் குறைஞ்சது 83% திருப்பிக் கொடுக்கணும்னு நியூஜெர்சி விதி. அப்படின்னா நூறுக்கு 17 வரைக்கும் அவன் வெச்சுக்கலாம். மேஜைக்கும் மிஷினுக்கும் உள்ள தூரத்தை அவரே கணக்குப் போட்டுக்கட்டும்.

டெபிட் கார்டு கொடுக்காதீங்க. ரூம் வாடகைக்கு மேல ஒரு தொகையைத் தற்காலிகமாப் பிடிச்சு வெப்பாங்க. கிரெடிட் கார்டுன்னா வெறும் லிமிட் குறையும். டெபிட்னா கணக்குல இருக்கற நிஜக் காசு மாட்டிக்கும், விடுவிக்க ரெண்டு வாரம்கூட ஆகலாம், நடுவுல டாலர் ஏறி இறங்கும். தம்பியோட அமெரிக்கக் கிரெடிட் கார்டுல போடச் சொல்லுங்க. ரூம் அவர் பேருலயே புக் பண்ணணும், கார்டு பேரும் செக்-இன் பண்றவர் பேரும் ஒண்ணா இருந்தாத்தான் வாங்குவாங்க.

லிந்தாங்_அக்கா

சிகரெட்டை மறந்துட்டேன். கேசினோ தளத்துல 25% வரைக்கும் புகை பிடிக்க அனுமதி உண்டு, வாடை எல்லை பார்த்து நிக்காது. புக் பண்றப்பவே சிகரெட் இல்லாத மாடி, லிஃப்ட் பக்கத்து ரூம்னு எழுதிடுங்க. அத்தை மாமாவைத் தேடி உள்ள வர வேண்டாம், போன்ல கூப்பிட்டு போர்ட்வாக் பெஞ்சுல சந்திக்கச் சொல்லுங்க.