சென்னையில் மதியத்துக்கு மேல் விமானங்கள் திசை மாறி இறங்குவது ஏன்? முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி உண்டா?

ஆலந்தூர் மாடி

வணக்கம். மே, ஜூன் மாதங்களில் காலை முழுக்க கிண்டி, ஆலந்தூர் மேலாக வரிசையாக இறங்குகின்றன. மதியம் ஒரு கட்டத்தில் அது நின்றுபோய், அதே பக்கம் விமானங்கள் ஏற ஆரம்பிக்கின்றன. விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் ஃபிளைட்ரேடார் ஆப்பைத் திறந்தால் அந்த நேரத்தில் நாலைந்து விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருக்கும். இந்த மாற்றத்தை முன்னாடியே ஊகிக்க முடியுமா? மாறும்போது ஏன் இவ்வளவு தாமதம்? பரங்கிமலையிலிருந்து படம் எடுப்பதென்றால் எந்த மாதம், எந்த லென்ஸ்? இன்னொன்று: கேட்டில் வந்து நிற்கும் விமானத்தைச் சுற்றி என்னென்ன வேலை, எந்த வரிசையில் நடக்கிறது? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மெட்டார் பித்தன்

கடற்காற்றுதான் காரணம்.

பிரதான ஓடுபாதையின் பெயர் 07/25. நீளம் சுமார் 3.66 கி.மீ. 07 என்றால் ஏறக்குறைய 70 டிகிரி, அதாவது கிழக்கு வடகிழக்கைப் பார்த்து ஓடுவது. அதையே மறுமுனையிலிருந்து பயன்படுத்தினால் 25. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும், ஏறும். ஜூன் காலையில் தரைக்காற்று மேற்கு, தென்மேற்கிலிருந்து வருவதால் 25. அதனால்தான் கடல் பக்கமிருந்து உங்கள் தலைக்கு மேலே வருகின்றன. நிலம் சூடேறி கடற்காற்று உள்ளே புகுந்ததும் காற்று கிழக்கு, தென்கிழக்காகிவிடும். உடனே 07. அப்போது அனகாபுத்தூர், பொழிச்சலூர் மேலாக இறங்கி உங்கள் பக்கம் ஏறும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெரும்பாலும் நாள் முழுக்க 07 என்பதால் இந்தக் குழப்பமே இருக்காது.

கண்டுபிடிக்க மெட்டார் என்ற விமானநிலைய வானிலை அறிக்கை போதும். ஏவியேஷன் வெதர் தளத்தில் சென்னையின் குறியீடான வி.ஓ.எம்.எம். என்று போடுங்கள். அரை மணிக்கொரு தடவை புதிது வரும். நேரம் உலக நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். 0830 என்றால் நம்ம மதியம் 2 மணி. காற்றுக்கான ஐந்து இலக்கத்தில் முதல் மூன்று காற்று வரும் திசை, கடைசி இரண்டு நாட் (மணிக்கு ஒரு கடல்மைல், சுமார் 1.85 கி.மீ.) கணக்கில் வேகம். 26010 என்றால் 260 டிகிரியிலிருந்து 10 நாட். 25 ஓடுகிறது என்று அர்த்தம். அடுத்த அறிக்கையில் 24005 என்று இளைத்தாலோ, திசை நிலையில்லை என்பதைக் காட்டும் வி.ஆர்.பி. எழுத்துகள் வந்தாலோ மாற்றம் நெருங்கிவிட்டது. அதற்கடுத்து 11009 வந்தால் முடிந்தது கதை.

காற்றை விட நம்பகமான தடயம் ஒன்று உண்டு. வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் (காற்றில் ஈரம் கூடினால் ஏறும் எண்) சேர்த்துப் பாருங்கள். 38/18 என்று இருந்தது 35/25 ஆனால் கடற்காற்று வந்தேவிட்டது. வறண்ட மேற்குக் காற்று போய் ஈரக்காற்று வந்திருக்கிறது என்பதற்கு அதை விடச் சாட்சி வேண்டாம். வெறும் திசை மட்டும் மாறி பனிப்புள்ளி ஏறவில்லையென்றால் பக்கத்தில் இடிமழை தள்ளிய காற்றாக இருக்கலாம். அது கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மாறும். நுங்கம்பாக்கம் வானிலை நிலையம் கடலுக்குப் பக்கம், மீனம்பாக்கம் உள்ளே தள்ளி. அதனால் நுங்கம்பாக்கத்தில் வெப்பம் சரிய ஆரம்பித்தாலே கேமராவைத் துடைத்து வைக்கலாம். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் கடற்காற்று மாலை வரை நுழையாது. சில நாள் வரவே வராது. அன்று முழுக்க 25தான்.

ஆலந்தூர் மாடி

அருமை. அப்படியென்றால் காற்று திரும்பிய நிமிடமே மாற்ற வேண்டியதுதானே? சில நாள் கிழக்குக் காற்று நன்றாக முகத்தில் அடிக்கிறது, ஆனால் இன்னும் 25இல்தான் இறங்குகிறார்கள்.

ஹோல்டிங் பாயின்ட்

கொஞ்சம் பின்காற்றைப் பொறுத்துக்கொள்வார்கள். கட்டுப்பாட்டுத் தரப்பில் பொதுவாக 5 நாட் வரை ஓட்டலாம். பெரும்பாலான ஜெட் விமானங்கள் இறங்குவதற்குக் கையேடு தரும் வரம்பு 10 நாட். ஆனால் பின்காற்று இலவசம் இல்லை. இறங்கும் வேகத்தில் 10 சதவீதம் அளவுக்குப் பின்காற்று இருந்தால் தரையில் ஓடும் தூரம் சுமார் 20 சதவீதம் கூடும், ஏனென்றால் நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஈர ஓடுபாதையில் இதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

திசையை மாற்றுவது சுவிட்ச் போடுகிற வேலையும் இல்லை. வரிசையாகச் சொல்கிறேன். 25க்காகக் கடல் பக்கம் அடுக்கி வைத்த விமானங்களில் எது கடைசியாக இறங்கும் என்று முடிவு செய்வார்கள். அதற்குப் பின்னால் இருப்பவை மேற்கே சுற்றிப் போக வேண்டும். அந்தச் சுற்றும், அது வரை காத்திருப்பதும்தான் நீங்கள் பார்க்கும் வட்டம். தரையில் 25 முனையில் வரிசையில் நிற்பவை மறுமுனைக்கு டாக்ஸி செய்ய (தரையில் உருண்டு போக) வேண்டும். இறங்க வழிகாட்டும் ரேடியோ அலை அனுப்பும் ஐ.எல்.எஸ். கருவி இரண்டு முனைக்கும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பாது, ஒன்றை அணைத்துத்தான் மற்றதைப் போட முடியும். விமானிகளுக்கு வேறு வேலை: கணினியில் புதிய ஓடுபாதை, புதிய புறப்பாட்டுப் பாதை, அதற்கேற்ற என்ஜின் விசை, புறப்பாட்டுக்கான மூன்று வேகங்கள் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு இருவரும் சரிபார்க்க வேண்டும். "ரெடி" என்று சொல்ல சில நிமிடம் ஆகத்தான் செய்யும். அவசரப்படுத்தினால் பழைய ஓடுபாதைக்கான எண்களோடு கிளம்புகிற அபாயம், அதனால் யாரும் அவசரப்படுத்துவதில்லை.

மாற்றிய முதல் அரைமணியில் கோ-அரவுண்ட் (இறங்காமல் திரும்ப மேலே எழும்பிப் போவது) பார்க்க வாய்ப்பு அதிகம். காரணம் இது: கடற்காற்று தடிமன் குறைந்த அடுக்கு. தரையில் கிழக்குக் காற்று 9 நாட் இருக்கும்போது 2,000 அடியில் இன்னும் மேற்குக் காற்று 15 நாட் அடிக்கலாம். 07க்கு மேற்கிலிருந்து வருகிற விமானத்துக்கு அது பின்காற்று. 140 நாட் காற்றுவேகத்தில் வந்தால் தரைவேகம் 155. மூன்று டிகிரி சரிவில் தரைவேகத்தை ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்குகிறது என்று கிடைக்கும்: 775. இதே விமானம் 10 நாட் எதிர்காற்றில் 650 அடிதான் இறங்கும். சரியான சரிவில் இல்லாமல், வேகம் தணியாமல் 1,000 அடிக்கு வந்துவிட்டால் "நிலைப்படவில்லை" என்று மேலே எழும்பிப் போவதுதான் விதி. ஆபத்து என்று அர்த்தமில்லை, ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

வட்டமடிப்பது எல்லாமே திசைமாற்றத்தால் அல்ல. இங்கே இரண்டு ஓடுபாதையும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதனால் இரண்டாவது பாதையான 12/30ஐத் தனியாக ஓட்டி இரட்டிப்பு வேலை வாங்க முடியாது. அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டிய பாதை அதுதான். ஆகவே ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் ஒரே பாதையில். இரண்டு வரவுக்கு நடுவே ஒரு புறப்பாட்டை நுழைக்க ஐந்தாறு கடல்மைல் இடைவெளி விட வேண்டியிருக்கிறது. முன்னால் 777 போன்ற கனரகம் போனால் பின்னால் வரும் ஏ320 போன்ற நடுத்தர விமானத்துக்கு எப்படியும் 5 கடல்மைல் கட்டாயம், அதன் சுழல்காற்றில் சிக்கக்கூடாது என்பதற்காக. இறங்கியவர் வெளியேறும் வழியைத் தவறவிட்டு அடுத்ததற்கு உருட்டிக்கொண்டு போனால் பின்னால் வருபவர் மேலே எழும்ப வேண்டியதுதான்.

சாக்ஸ் ஆன்

கேட் வேலையைப் பற்றி நான் சொல்கிறேன். ஏ320யை வைத்துக்கொள்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது விமானத்தின் முதுகிலும் வயிற்றிலும் மின்னும் சிவப்பு விளக்கு. அது அணையும் வரை யாரும் கிட்டே போக மாட்டார்கள், ஏனென்றால் என்ஜின் இன்னும் சுற்றுகிறது. இறங்கியபின் என்ஜின் ஆற மூன்று நிமிடம் தேவை, அது பெரும்பாலும் டாக்ஸியிலேயே கழிந்துவிடும். மூக்குச் சக்கரத்துக்குக் கட்டை, இறக்கை நுனிக்கும் என்ஜினுக்கும் கூம்பு, பிறகு தரை மின்சாரம்: 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். அந்தக் கேபிள் மாட்டினால்தான் வாலில் இருக்கும் துணை என்ஜினான ஏ.பி.யு.வை அணைக்க முடியும்; அது மணிக்கு நூறு கிலோவுக்கு மேல் எரிபொருள் குடிக்கும். வாலிலிருந்து அனல் கிளம்பிப் பின்னணி அலைபாய்ந்தால் ஏ.பி.யு. ஓடுகிறது. கேபிள் மாட்டியும் ஓடினால் பெரும்பாலும் ஏசிக்காகத்தான்.

பயணிகள் இடப்பக்கக் கதவு, சரக்கு வலப்பக்கம், எரிபொருள் குழாய் வலது இறக்கையின் அடியில். இரண்டு கூட்டமும் மோதிக்கொள்ளாமல் இருக்க இந்தப் பிரிப்பு. கழிவு வண்டியும் குடிநீர் வண்டியும் பின்புறம் வரும். ஒரே ஆள் இரண்டையும் தொடக்கூடாது என்பதில் கண்டிப்பு உண்டு, காரணம் சொல்ல வேண்டாம்.

தாமதத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று: பிரேக் சூடு. ஏ320இல் பிரேக் விசிறி ஓடாத நிலையில் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் கிளம்ப முடியாது. பின்காற்றில் இறங்கி, சீக்கிரம் வெளியேற அழுத்திப் பிடித்து, அரைமணியில் திரும்பக் கிளம்பும் விமானத்துக்கு மே மாத வெயிலில் இது சகஜம்.

கிளம்பும்போது இழுவை வண்டியோடு நிற்பவரின் கையைக் கவனியுங்கள். மூக்குச் சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டிய ஓர் உலோகப் பின் மாட்டியிருப்பார்கள். விமானி திருப்பினாலும் சக்கரம் திரும்பாமலிருக்க. அது இருக்கும்வரைதான் தள்ள முடியும். தள்ளி முடித்ததும் பின்னைக் கழற்றி, துணி தெரியத் தூக்கி விமானியிடம் காட்டி, அவர் கையசைத்த பிறகே விலகுவார்கள். மறந்து விட்டுவிட்டால் விமானம் டாக்ஸியில் திரும்பாது, அங்கேயே நின்று ஆள் கூப்பிட வேண்டும்.

கூடவே ஒன்று: கிளம்பும் முன் விமானத்துக்குள் கால் தரைக்கடியிலிருந்து நாய் குரைப்பது போலச் சத்தம் வந்தால் பயப்படாதீர்கள். ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தை இன்னொன்றுக்குக் கடத்தும் பி.டி.யு. அது. ஏ320 குடும்பத்துக்கே உரிய குரல்.

முன்னூறு எம்எம்

பரங்கிமலைக்கு மே முதல் ஆகஸ்ட் பாதி வரை போங்கள். மலை இறங்கு பாதைக்கு வடக்கே சற்றுத் தள்ளி இருக்கிறது, நீங்கள் தெற்கே பார்த்துத்தான் எடுப்பீர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் உச்சிச் சூரியனே வடக்கே நிற்கும். ஜூனில் காலை முதல் மாலை வரை வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம். அதே மாதங்களில்தான் காலையில் 25 ஓடுகிறது. டிசம்பரில் போனால் சூரியன் எதிரே, விமானம் வெறும் நிழலுரு, அதுவும் இறங்காமல் ஏறிக்கொண்டிருக்கும்.

உயரக் கணக்கு: ஓடுபாதை நுனியை 50 அடியில் கடக்கும், பின்னால் ஒவ்வொரு கடல்மைலுக்கும் உயரம் 318 அடி கூடும். அரை மைலில் சுமார் 210 அடி. விமானநிலையத் தரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 50 அடி, ஆக 260. மலையுச்சி ஏறக்குறைய 300. அதனால்தான் அங்கிருந்து விமானத்தின் முதுகு தெரிகிறது.

லென்ஸ்: தூரத்தை விமான நீளத்தால் வகுத்து சென்சார் அகலத்தால் பெருக்குங்கள். ஏ320 நீளம் 37.6 மீட்டர், 500 மீட்டர் தள்ளி எடுத்தால் ஏபிஎஸ்-சி (சுமார் 23.5 எம்எம் அகலம்) சென்சாரில் 312 எம்எம்முக்கு ஃப்ரேம் முழுக்க நிறையும். ஓரம் விட்டு எடுக்க 250 போதும். 777-300இஆர் 73.9 மீட்டர், அதற்கு 130. ஜெட்டுக்கு ஷட்டர் 1/1000. விசிறி வைத்த ஏடிஆர் விமானத்துக்கு 1/200க்குக் கீழே இறங்குங்கள், இல்லாவிட்டால் இறக்கைவிசிறி உறைந்து என்ஜின் நின்ற மாதிரி இருக்கும். பத்தரைக்கு மேல் தரைச்சூடு படத்தைக் கலைக்கும். விலை கூடின லென்ஸ் வாங்கி இதைச் சரிசெய்ய முடியாது, கிட்டே வரும் விமானத்தை மட்டும் எடுங்கள்.

எச்சரிக்கை: மலையைச் சுற்றி ராணுவ அதிகாரிகள் பயிற்சி வளாகம். அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். விமானநிலைய வளாகத்துக்குள் அனுமதியின்றிப் படம் எடுக்க விமான விதிகள் 1937இன் 13ஆம் விதி தடை போட்டது, இன்றும் உள்ளே கேமராவை நீட்டினால் கேள்வி வரும். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், கேட்டால் படத்தைக் காட்டிவிடுங்கள். மேலே இருப்பது வழிபாட்டுத் தலம், திருப்பலி நேரத்தில் ட்ரைபாட் விரிக்காதீர்கள்.

ஆலந்தூர் மாடி

எல்லோருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம். உங்கள் கணக்குப்படி ஒன்றரை கடல்மைலில் சுமார் 580 அடி வர வேண்டும். ஆப்பில் 850, 875 என்று காட்டுகிறதே?

மெட்டார் பித்தன்

ஆப்பில் வருவது 1013 மில்லிபாரை அடிப்படையாக வைத்த உயரம், உள்ளூர் அழுத்தத்துக்குத் திருத்தாதது. மெட்டாரில் க்யூ என்ற எழுத்துக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருக்கும். ஜூனில் அது 1003 என்று இருந்தால் 10 மில்லிபார் குறைவு. ஒரு மில்லிபாருக்கு 28 அடி வைத்தால் 280 அடி கழிக்க வேண்டும். 860 சொச்சம் 580 ஆகிவிடும். ஜனவரியில் அழுத்தம் 1013ஐ ஒட்டி இருக்கும்போது கழிக்கவே தேவையிருக்காது.