புதுச்சேரியில் கோட்டை எங்கே?

தெருமுனை:
பாரதி பூங்காவில், ஆயி மண்டபத்து நிழலில் நின்றுகொண்டு "கோட்டைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டார் ஒருவர். நின்ற இடமே அதுதான்! ஐந்து முனை லூயி கோட்டை அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். கோட்டையோடு வெள்ளையர் பகுதியையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபின் எழுந்ததுதான் இப்போது நாம் பார்ப்பது. மஞ்சள் சுவரைக் காட்டி "டூப்ளே காலத்து வீடு" என்று சொல்லும் வழிகாட்டியைக் கேளுங்கள்: பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே 1754-லேயே கப்பல் ஏறிவிட்டாரே?

தாழ்வாரம்:
எல்லாமே போச்சுன்னு எழுதாதீங்க தெருமுனை. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கிற கால்வாய்க்கு மேற்கே வாங்க. பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை வீடு அந்த இடிப்புக்கு முந்தியது. கீழே மரத்தூண் வைத்த தமிழ்க்கட்டு, மாடியில் பிரெஞ்சு பாணித் தூண்கள். அப்புறம், தெருவெல்லாம் நூல் பிடித்த மாதிரி இருப்பதும் பிரெஞ்சு மூளை இல்லை. 1693-ல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர் போட்ட திட்டம்.

சுண்ணாம்பு:
கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தின் (பிரெஞ்சுக் கால நகர மன்றம்) முன் "என்ன ஒரு பழமை!" என்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். பழைய மேரி 2014 நவம்பர் மழையில் சரிந்தது. இப்போது நிற்பது அதே முகத்தோடு கட்டி 2021-ல் திறந்தது.

பழசு எது என்று தெரிய வண்ணத்தைப் பார்க்காதீர்கள், அண்ணாந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையென்றால் தேக்கு உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கற்கள் செங்குத்தாக, சாய்வரிசையில் சுண்ணாம்புக் காரையில் பதிந்திருக்கும். அதன் மேல் செங்கல் ஜல்லி கலந்த சுண்ணாம்புத் தளம். அடுத்து சுவரின் அடிப்பகுதி. இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்தால், பெரும்பாலும் சுண்ணாம்புச் சுவர் மேல் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிவிடும், சிமென்ட் அடைத்துவிடும். உள்ளே தங்கும் உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளும். அதன் மேல் எத்தனை கோட் மஞ்சள் அடித்தாலும் ரெண்டு மழைதான். சொந்தமாகப் பழைய வீடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சிமென்ட் மூட்டையை எடுக்காதீர்கள்.

உப்புக்காற்று:
கேட்டது கோட்டைக்கு வழி, கிடைத்தது பூச்சு வேலை வகுப்பு! ஊருக்குப் போகிறவர்களுக்கு: கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் காலை 7.30 வரை வண்டி கிடையாது. முகப்புகள் கிழக்கு பார்த்தவை, வெயில் நேரே விழும் காலையில் படம் எடுங்கள். அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. மணல் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு: ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்குப் போட்ட கல்சுவர் அதைத் தடுத்தது, வடக்கே கரை அரித்தது, அதனால்தான் பாறைகள். ஈரப் பாசி வழுக்கும், ஏறாதீர்கள்.

தெருமுனை:
தாழ்வாரம், பிள்ளை வீடு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயி மண்டபம் கிருஷ்ணதேவராயர் கட்டியது என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள். அவர் வருவது, ஆயி என்ற பெண் தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய கதையில். மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது, முத்திரப்பாளையத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்ததற்காக எழுப்பியது.