பாதை அடைபட்டது மீனவருக்கு. மனுவை நான் தாக்கல் செய்யலாமா?

கரையூரான் (திருகோணமலை):
உப்புவெளிக்கு வடக்கே எங்கள் ஊரில், கரைவலை வாடிக்குப் போகும் மணற்பாதையின் குறுக்கே ஓர் அரச நிறுவனம் கொங்கிறீற்றுத் தூண் நட்டு, முட்கம்பி அடித்து, படலைக்குப் பூட்டும் போட்டு இன்றோடு பத்தொன்பது நாட்களாகின்றன. எழுத்தில் எந்த அறிவித்தலும் தரப்படவில்லை. வலைக்காரர் கயிற்றையும் மடியையும் தோளில் சுமந்து சுற்றுவழியாக நடக்கிறார்கள். நெத்தலி காயவைக்கும் பெண்களுக்குக் களமே இல்லை. நான் மீனவன் அல்லன், ஓய்வுபெற்ற ஆசிரியன். பதிவு செய்யப்படாத எங்கள் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். "இதில் உங்களுக்கு என்ன நட்டம்?" என்று கந்தோரில் ஒருவர் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. சங்கத்தின் பெயரிலோ என் பெயரிலோ கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியுமா? இங்குள்ள மேல் நீதிமன்றத்திலேயே எழுத்தாணை (அரச நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றக் கட்டளை) கேட்டால் கொழும்புச் செலவு மிஞ்சுமே.

பழைய சட்டத்தரணி:
ஐயா, அரசியலமைப்பின் 17ஆம் உறுப்புரை, ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலால் தமது அடிப்படை உரிமை மீறப்பட்ட, அல்லது மீறப்படவிருக்கும், ஒவ்வோராளுக்கும் உயர் நீதிமன்றத்தை நாடும் உரித்தைத் தருகிறது. மனுவை அவரோ அவர் சார்பில் ஒரு சட்டத்தரணியோ தாக்கல் செய்யலாம் என்கிறது 126(2). எழுத்துக்கு எழுத்து வாசித்தால் அயலவருக்கு இடமில்லைதான்; ஆனால் நீதிமன்றம் அப்படி வாசிப்பதை எப்போதோ விட்டுவிட்டது.

எப்பாவலவில் பொஸ்பேற்று அகழும் திட்டத்தை எதிர்த்த வழக்கில் (2000) மனுதாரர்கள் அப்பகுதி வாசிகளும் ஒரு விகாராதிபதியும். பலருக்கும் பொதுவான உரிமையோடு பின்னிக் கிடப்பதனால் ஒருவரது தனியுரிமை அற்றுப்போவதில்லை என்று அங்கே கூறப்பட்டது. தடுப்புக்காவலில் இறந்தவரின் மனைவி மனுவை நடத்தலாம் என்பது 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பறிக்கையில் வந்த வழக்கு. நமக்கு இன்னும் கிட்டியது சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கு (2019). மனுதாரர் எண்ணெய் கலந்த கிணற்றின் சொந்தக்காரர் அல்லர், ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர். பொதுநலன் கருதி வந்தவராக அவரை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமென்றும் கட்டளையிட்டது.

எனினும் அதை நம்பி நீங்கள் தனியே முன்னால் நிற்பது புத்தியாகாது. 14ஆம் உறுப்புரை தரும் தொழில் செய்யும் சுதந்திரம் உங்களைவிட வலைக்காரருக்கும் அந்தப் பெண்களுக்கும் நேரடியாகப் பொருந்தும். அவர்களில் நாலைந்து பேர் முதல் மனுதாரர்களாகட்டும். நீங்கள் கடைசியாக உங்கள் சொந்தப் பெயரில் சேருங்கள். பதிவில்லாத சங்கத்துக்குச் சட்ட ஆளுமை இல்லை, அதாவது தன் பெயரில் வழக்காட முடியாது. அதன் பெயரைப் போட்டால் முதல் ஆட்சேபனையை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும்.

கோணேசர்புரத்தான்:
மேல் நீதிமன்றம் பற்றி ஒரு சொல். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு எழுத்தாணை அதிகாரம் கொடுத்தது உண்மை. ஆனால் மாகாணசபை நிரலில், அதாவது மாகாணங்களுக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரங்களின் பட்டியலில், உள்ள விடயங்களுக்கு மட்டுமே. வேலி போட்டது மத்திய அரசின் நிறுவனமென்றால், 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும், அதாவது கொழும்புக்கு. படலையைத் திறக்கும்படி கட்டளை கேட்பதானால், முதலில் அந்த நிறுவனத்திடம் எழுத்தில் கோரி, மறுப்பையோ மௌனத்தையோ காட்ட வேண்டியிருக்கும். பதிவுத் தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தவணைக்காரி:
யார் மனுப் போடலாம் என்ற தகைமையைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் நாட்காட்டியைப் பார்க்கவில்லை! 126(2) தருவது ஒரு மாதம். பத்தொன்பது நாள் போய்விட்டது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் (பிரிவு 13) சொல்கிறது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நிலுவையில் இருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2014இல் கூறியிருக்கிறது. ஆகவே முறையிடுங்கள், மனுவையும் மாதத்துக்குள் தாக்கல் செய்யுங்கள்.

கரையூரான்:
நன்றி. பூட்டுப் போட்ட அன்று மகன் எடுத்த படம் திகதியோடு இருக்கிறது. நெத்தலி காயவைக்கும் அக்கா ஒருவர் முதல் மனுதாரராக நிற்கச் சம்மதித்துவிட்டார். அவருக்குக் கையெழுத்து வராது, பெருவிரல் அடையாளம் செல்லுமா?

பழைய சட்டத்தரணி:
செல்லும். சத்தியக் கடதாசியை அவருக்குத் தமிழில் வாசித்து விளக்கியதாகச் சமாதான நீதவான் அதிலேயே குறிப்பிட வேண்டும். நாளைக்கே செய்யுங்கள்.