ஏவுதல் தடைப்பட்டால் அடுத்த சுற்றிலேயே ஏன் அனுப்ப முடியாது?

உப்புவெளியான்:
நேற்று மாலை உப்புவெளிக் கடற்கரையில் நின்று, சர்வதேச விண்வெளி நிலையம் வடமேற்கே தோன்றித் தென்கிழக்கே கடலுக்கு மேல் மங்கி மறைந்ததைப் பிள்ளைகளுடன் பார்த்தேன். அது ஏறத்தாழ 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. அப்படியிருக்க, 2020 மே 27 அன்று புளோரிடாவில் புறப்பாட்டுக்கு 17 நிமிடம் இருக்கையில் வானிலையால் நிறுத்தப்பட்ட, அந்நிலையத்துக்குச் செல்லவிருந்த ட்ராகன் கலத்தை அடுத்த சுற்றிலேயே அனுப்பாமல், வீரர் இருவரையும் 30ஆம் திகதி வரை காக்க வைத்தது ஏன்? கேட்டவள் மகள், விழிப்பவன் நான்.

பௌதிக ஆசிரியர்:
ஐயா, ரொக்கெட் காத்திருப்பது நிலையத்துக்காக அன்று, நிலையம் சுற்றும் தளத்துக்காக, அதாவது அதன் சுற்றுப்பாதை அடங்கியுள்ள தட்டையான பரப்புக்காக. பூமத்திய ரேகைக்கு 51.6 பாகை சாய்ந்த அத்தளத்தினுள்ளே பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், ஏவுமிடம் நாளுக்கு ஏறத்தாழ இருமுறை மட்டுமே அதைக் கடக்கிறது. நிலையம் ஒரு சுற்று முடிப்பதற்குள் புளோரிடா 23 பாகை விலகிவிடும். மேலே போனபின் திருத்தலாமே எனத் தோன்றும். ஆனால் மணிக்கு 28,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கலத்தின் தளத்தை ஒரே ஒரு பாகை திருப்பவே செக்கனுக்கு 130 மீற்றருக்கு மேல் வேகமாற்றம் வேண்டும். அதற்கான எரிபொருளைச் சுமப்பதிலும் காத்திருப்பதே மலிவு.

உப்புவெளியான்:
நன்றி ஐயா. இருமுறை என்றால், அன்றைய மற்ற வாய்ப்பு என்னவாயிற்று?

மூதூர் வாசகர்:
ஒரு வாய்ப்பில் வடகிழக்கே ஏவ வேண்டும், மற்றதில் தென்கிழக்கே. நீங்கள் நேற்றுக் கண்ட போக்கு இரண்டாவது. புளோரிடாவிலிருந்து அத்திசையில் ஏவினால் கரீபியன் தீவுகள் குறுக்கிடும் என்பதால் அட்லாண்டிக் பக்கத்தையே தெரிவு செய்கிறார்கள். (நம் ஊரிலிருந்து ஏவினால் இரு பக்கமும் கடல்தான். ஆசைப்படக் காசில்லை.)

பௌதிக ஆசிரியர்:
தம்பி சொன்னது சரி. மூன்று நாள் ஏன் என்றால், தளம் பொருந்தினாலும் அதில் நிலையம் நிற்கும் இடமும் பொருந்த வேண்டும். அத்தளமும் நாளுக்கு ஏறத்தாழ 5 பாகை மேற்கே நகர்வதால் ஏவும் நேரம் அன்றாடம் சுமார் 24 நிமிடம் முந்துகிறது: 27ஆம் திகதிக்குக் குறித்த நேரம் பிற்பகல் 4.33, 30ஆம் திகதி புறப்பட்டது 3.22. மகளைக் கழித்து வகுக்கச் சொல்லுங்கள்.