அஸ்திவாரக் குழியில் வந்த சரளை (குடும்பக் குழு)

அப்பா: குழி நாலடி இறங்கிவிட்டது. மேலே செம்மண், கீழே முழுக்கச் செம்புறாங்கல் சரளை. நாளைக்கே லாரி வைத்து அள்ளிவிடலாம் என்கிறார் மேஸ்திரி.

பெரியப்பா: டேய், அனுப்பிவிடாதே! 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் நம் பல்லாவரத்தில், ராணுவ மைதானத்துப் பக்கம் இப்படி ஒரு சரளைக் குழியில்தான் கைக்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் கண்ட முதல் கல் அது.

நான்: பள்ளியில் அத்திரம்பாக்கம் என்றுதானே படித்தோம் பெரியப்பா?

பெரியப்பா: அது அதே வருடம் செப்டம்பரில்மா, அவரும் கூட வேலை பார்த்த வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பக்கம் போனபோது. அங்கே கிடைத்த கருவிகளுக்கு 15 லட்சம் வருட வயது கணக்கிட்டிருக்கிறார்கள், அதனால் பேரெல்லாம் அங்கே போய்விட்டது. தொடக்கம் நம் ஊர். இதை யாரும் சொல்வதில்லை என்று எனக்கு எப்போதும் ஆதங்கம்.

அத்தை: அண்ணா, மலையில் இருப்பதும் இதே கல்லா?

பெரியப்பா: இல்லைம்மா, அது கருங்கல், சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் கல்லறை மேல் இருக்கும் பலகை மெட்ராஸிலிருந்து போன இந்த வகைக் கல், அவர் பெயரையே ஹாலந்து என்ற புவியியலாளர் கல்லுக்கு வைத்துவிட்டார். சின்ன வயதில் ஏறுவோமே பஞ்சபாண்டவர் குகை, இப்போது தர்கா, அதை மகேந்திரவர்மன் குடைந்ததும் இந்தக் கல்லில்தான். எவ்வளவு கெட்டியான கல் தெரியுமா, உளி பிடித்தவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

அத்தை: எனக்கு மழைத் தண்ணீரை நினைத்தால்தான் பயம்.

பெரியப்பா: நியாயம்தான். மலையில் இறங்கும் தண்ணீர் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டியது. துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலை பெரிய ஏரியை இரண்டாக்கிவிட்டது. தம்பி, பேஸ்மட்டத்தைத் தெருவை விட மூன்றடி ஏற்றிவிடு.

அப்பா: சரி அண்ணா. கருவி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரியப்பா: தானாக உடைந்த கல் கண்டபடி உடைந்திருக்கும். செதுக்கியதில் இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்த தடம் அடுத்தடுத்து தெரியும், ஒரு முனை கூராக, கையில் பிடிக்கும் அடிப்பக்கம் கனமாக. எழும்பூர் மியூசியத்தில் ஃபுட்டின் சேகரிப்பு இருக்கிறது, ஏதாவது தட்டுப்பட்டால் அங்கே காட்டலாம்.

அப்பா: லாரியைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன்.

பெரியப்பா: செங்கல்பட்டிலிருந்து முதல் வண்டியில் வருகிறேன். பெரிய கண் சல்லடை ஒன்று வாங்கி வை.