அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு வெளி வேலைகளை எப்படி முடிக்கிறீர்கள்?

பொன்மலைக்காரி:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, படுக்கைதான். வீட்டில் நானும் அவரும் மட்டும். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர், அவருக்கப்புறம் வரும் குடும்ப ஓய்வூதியத்தில்தான் மாத்திரை, டயப்பர் எல்லாம் ஓடுகிறது. நவம்பர் வந்தாச்சு, உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். வங்கியில் கேட்டால் "கூட்டிட்டு வாங்கம்மா, கைரேகை வைக்கணும்" என்கிறார்கள். மாடியிலிருந்து இறக்கி ஆட்டோவில் உட்கார வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். போன வருடம் அப்படித் தூக்கிக்கொண்டு போய், விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தும் ரேகை விழவில்லை.

இதுகூடப் பரவாயில்லை, வருடத்துக்கு ஒரு தடவை. தினசரி நடக்கிற சின்னச் சின்ன விஷயங்கள்தான் ஆளை உட்கார வைத்துவிடுகின்றன. மெடிக்கலில் எல் சைஸ் டயப்பர் இல்லை, "எம் இருக்கு, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்கிறார். டேப் ஒட்டாமல் விடியற்காலையில் விரிப்பு, போர்வை எல்லாம் நனைந்து கிடந்தால் அவரா வந்து அலசப் போகிறார்? ரத்தம் எடுக்கக் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன லேப் பையன் பத்து மணிக்கு வருகிறான், சர்க்கரை உள்ள அம்மா அதுவரை வெறும் வயிறு. போன சனிக்கிழமை எதிர்வீட்டு அக்கா வந்து உட்காருவதாகச் சொன்னதால் சிநேகிதியோடு என்.எஸ்.பி. ரோடு கடைவீதிக்குப் போகக் கிளம்பி, பூ கூட வைத்துவிட்டேன். அவர் வீட்டுக்குத் திடீரென்று விருந்தாளி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன்.

நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தபால்காரர்_மகன்:
முதலில் சான்று விஷயம். அம்மாவை எங்கேயும் தூக்க வேண்டாம். பக்கத்துத் தபால் நிலையத்தில் சொன்னால் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வந்து ஜீவன் பிரமாண், அதாவது டிஜிட்டல் உயிர்வாழ் சான்று, எடுத்துக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய், ஓய்வூதியம் எந்த வங்கியில் வந்தாலும் சரி. ஆதார், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு எண், ஒரு போன், இவ்வளவுதான் எடுத்து வைக்க வேண்டும். வங்கிக்காரர்கள் வர மாட்டோம் என்றால், எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே வந்து இதைச் செய்து தரச் சொல்லி ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லியிருக்கிறது என்று ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். கேட்பார்களா என்பது மேலாளரைப் பொறுத்தது.

நைட்_டியூட்டி:
ரேகையே விழாதவருக்கு முகம்தான் வழி. 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. போனில் ஜீவன் பிரமாண் செயலியும், முகத்தை ஆதாரோடு சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் ஏற்றிக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் முகத்தைக் காட்டி ஆபரேட்டராகப் பதிய வேண்டும், அப்புறம் அம்மா முகம். படுத்த வாக்கில் எடுத்தால் எனக்கு ஏறவேயில்லை. தலைமாட்டை உயர்த்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி வைத்து, கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். ஒன்று முக்கியம்: ஓய்வூதிய வகையில் 'குடும்பம்' என்று போடுங்கள். அது தப்பினால் சான்று எண் வந்த பிறகும் நிராகரித்துவிடுவார்கள். குறுஞ்செய்தி வந்ததோடு விட்டுவிடாமல் சில நாள் கழித்து நிலையைப் பாருங்கள்.

கோவை_வாசி:
ஒரு ஆள் போட்டுவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மருமகள்_நம்பர்_2:
@கோவை_வாசி குடும்ப ஓய்வூதியத்தில் ஆள் போடச் சொல்கிறீர்களே, சம்பளம் யார் கொடுப்பது?

பொன்மலைக்காரி, படுத்தே இருப்பவர்களுக்குப் பேண்ட் மாதிரி வரும் டயப்பர் வேண்டாம், டேப் வைத்ததுதான் மாற்ற லேசு. இடுப்பை அளந்துகொண்டு, ஒரே கடையில் மாதா மாதம் இந்தத் தேதிக்கு இத்தனை பாக்கெட் என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள், எடுத்து வைப்பார்கள். அடியில் ஈரம் உறிஞ்சும் அண்டர்பேட் விரிப்பு ஒன்று போட்டால் விரிப்பு தப்பிக்கும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குக் கடை கடையாக அலையாமல், அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அம்மா பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது, மாத்திரை வீட்டுக்கே வரும், உடற்பயிற்சி சிகிச்சையும் உண்டு. என் மாமியாருக்குக் கை கொஞ்சம் விரிய ஆரம்பித்தது அந்தப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்து போன பிறகுதான்.

விருந்தாளி வந்த அக்காவைக் கோபிக்காதீர்கள். ஆனால் அடுத்த தடவை "எப்பவாவது வாங்க" என்று கேட்காமல், நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். எங்கள் தெருவில் அதுதான் நடக்கிறது.

பொன்மலைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. முகம் வைத்து முயன்றேன், வெளிச்சம் சரியானதும் ஏறிவிட்டது. நடுவில் செயலி, மறுமணம் செய்துகொண்டீர்களா என்று ஒரு கேள்வி கேட்டது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், வாய் கோணியிருந்தாலும் திட்டு தெளிவாக வந்தது 😄 எண் வந்துவிட்டது. ஒரே சந்தேகம், நான் கொடுத்தது என் போன் நம்பர், அம்மா ஆதாரில் இருப்பது அப்பாவின் பழைய நம்பர். சிக்கல் வருமா?

தபால்காரர்_மகன்:
வராது. கொடுத்த நம்பருக்கு ஓடிபி வந்து ஏறிவிட்டதல்லவா, அது போதும். ஆதாரில் நம்பரை மாற்றுவதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். நிலையை மட்டும் அடுத்த வாரம் பாருங்கள்.